கண் வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

போன வருஷம் தை மாதம் என் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்ததும் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது வெறும் புகைமூட்டம். வாரங்கள் ஓடியும் அது விலகவில்லை. காலையில் எழுந்தால் இன்னும் மோசம். மண்ணூர்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. சின்னக் கீறலைக்கூடக் கண்டுபிடிக்க வேண்டிய கண் அது. இடது கண்ணோ சின்ன வயதிலிருந்தே மந்தம்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கருவிழியின் உள்பக்கம் ஒரு வரிசை செல்கள் உண்டாம். அதில் ஊறும் நீரை இறைத்துத் தெளிவாக வைப்பது அவைதானாம். என் புரை ரொம்ப முற்றியிருந்ததால் அதை உடைத்து எடுக்கும்போது நிறைய செல்கள் செத்துவிட்டன. செத்தது மறுபடி முளைக்காது. சொட்டு மருந்துக்கு அடங்காவிட்டால், இறந்தவர் யாராவது தானம் தந்த கண்ணிலிருந்து அந்த மெல்லிய படலத்தை எடுத்து வைக்க வேண்டும்.

அன்று வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் கோபம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் திருவேற்காட்டில் கருமாரி முன்னால் போய் நின்றேன். வெள்ளியில் கண்மலர் சாத்துகிறேன் என்று நேர்ந்துகொண்டு, "எனக்கு ஒரு கண்ணைக் கொடுடி தாயே" என்று சண்டை போட்டேன். பக்கத்து வீட்டம்மா கோயில் தீர்த்தத்தைக் கண்ணில் விடச் சொன்னார். "தீர்த்தம் வாய்க்கு, சொட்டு மருந்து கண்ணுக்கு" என்று சொல்லிவிட்டேன்.

ஆடியில் ஒருநாள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் எதிரே சாவு ஊர்வலம். மேளம் காதைப் பிளந்தது. ஓரமாக ஒதுங்கி நின்றேன். நான் கேட்பது இதைத்தானே? யார் வீட்டில் இழவு விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்? அடுத்த வெள்ளி நான் கோயிலுக்கே போகவில்லை.

என் வீட்டுக்காரர் பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"இன்னாமே, நீ கேட்டாதான் எமன் வருவானா? சாவுறவன் செத்துகினுதான் கீறான். கண்ண மண்ணுல போடாம குடுக்கணும்னு அந்த ஊட்டுக்காரங்களுக்கு மன்சு வரணும். அத்த வேண்டிக்கோ."

வேண்டுதலை மாற்றினேன். "தாயே, இன்று யாரை அழைத்துக்கொள்கிறாயோ, அவர்கள் வீட்டாரைத் தாங்கு. அவர்கள் மனதில் நீ பேசு." என் கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. சொட்டு மருந்துக்கு அடங்காததால் கண்ணுக்காக ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வைத்திருந்தேன். புரட்டாசி முடிவதற்குள் அங்கிருந்து போன் வந்தது. கண் கிடைத்துவிட்டது, உடனே வாருங்கள் என்றார்கள்.

வைத்த படலம் ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் காற்றுக் குமிழி விட்டு, மேலே பார்த்தபடி மல்லாந்தே படுக்கச் சொன்னார்கள். முதுகு இற்றுப்போனது. அசைவேனா? கருமாரி பெயரைச் சொல்லிக்கொண்டே கிடந்தேன். புகை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. கார்த்திகை தீபத்தன்று வாசல் விளக்குகளைத் தனித்தனியாகப் பார்த்தேன். அன்று வேண்டிய மட்டும் அழுதேன்.

இந்தச் சித்திரையில் திருமழிசையில் என் வீட்டுக்காரரின் அண்ணன் தவறிவிட்டார். அவர் மனைவியின் கையைப் பிடித்து, கண்ணைக் கொடுத்துவிடலாம் என்று கேட்டேன். "கண்ணில்லாம அனுப்பினா அடுத்த ஜென்மத்துல குருடாப் பொறப்பாரு" என்று சொந்தக்காரர்கள் பாய்ந்தார்கள். நான் நகரவில்லை.

"அக்கா, என்னப் பாருங்க. யாரோ பெத்த புள்ள கண்ணாலதான் உங்களப் பாக்கறேன்" என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு, "கண் வங்கிக்காரங்கள வரச் சொல்லு" என்றார். அவர்கள் வந்து எடுக்கும்வரை கண் காயக்கூடாது என்று ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தேன். அந்தப் புழுக்கத்தில் ஆளாளுக்குத் திட்டினார்கள். திட்டட்டும்.

என் தாயின் பிள்ளைகளே, எது வேண்டுமோ அவளிடம் தைரியமாகக் கேளுங்கள். கேட்ட கையோடு, உங்கள் கண்ணைத் தானம் செய்யச் சொல்லி வீட்டாரிடமும் இன்றைக்கே சொல்லிவையுங்கள். இந்த நேரத்தில் எவளோ ஒருத்தி அவள் முன்னால் நின்று கண் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதை அம்மன் நம் வீட்டிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.