நாலு பேர் இருந்த வாங்கு

எனக்கு ஒன்பது வயதில் ஒரு வாங்கின்மேல் ஆசை வந்தது. சைக்கிளுக்கு ஆசைப்படுகிற வயதில் வாங்கா என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவும் அதைத்தான் கேட்டார். நாலு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருக்கிற நீட்டுப் பலகை வாங்கு. அது எங்கள் வீட்டில் இல்லை, கனடாவில் நாங்கள் இருந்த ஸ்காபரோவிலேயே இல்லை. மலாவியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தது.

வகுப்பில் ரீச்சர் அதை வீடியோவில் காட்டினார். தகரக் கூரை, சிவந்த மண் முற்றம், யன்னல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சதுர ஓட்டை. பாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். மற்றவர்கள் வாங்குகளில், நாலு நாலு பேராக. முன் வாங்கின் நடுவில் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் இருந்தவள் காதுக்குள் என்னவோ சொல்ல, இவள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், அவளுடைய தோளிலேயே முகத்தைப் புதைத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே புத்தகம். எங்கள் வகுப்பு முழுக்கப் பாவம் என்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கோ பொறாமை பொறாமையாக வந்தது.

அந்த வருஷம்தான் நாங்கள் ரெக்ஸ்டேலில் இருந்து வோபர்னுக்கு வீடு மாறியிருந்தோம். புதுப் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு கதிரை. என்னுடையது கடைசி வரிசையில், யன்னலோரம். புது வகுப்புப் பிள்ளைகளைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். அவர்களுக்கு ஏற்கனவே ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்பா லொறி ஓடினார். அமெரிக்கப் பக்கம் போனால் கிழமைக் கடைசியில்தான் வருவார். அம்மாவுக்குப் பின்னேர ஷிப்ட். ஆகவே பின்னேரங்களில் நானும் மாமாவும்தான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் பேஸ்மென்ற் அறையில் இருந்துகொண்டு, பாண் சுடுகிற பக்டரியில் இரவு வேலை செய்தார். மாமியின் விசாப் பேப்பர் அலுவல் சரிவராமல் இழுபட்டுக்கொண்டிருந்ததால் அவர் ஊரிலேயே இருந்தார். மாமா பேச்சுக்காரர். ஏப்ரலில் சினோப் பனி கொட்டினால், "வானத்துக்கும் ஆரோ ஷிப்ட் மாத்திக் குடுத்திட்டாங்கள்" என்பார். மாமியோடு ரெலிபோன் கதைத்து வைத்த பிறகு மட்டும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு கதையும் வராது. குசினி மேசையில் அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், எதிரும் புதிருமாக இருந்து சாப்பிடுவோம்.

மலாவிப் பள்ளிக்கூடத்துக்கு ஆளுக்கொரு மேசையும் கதிரையும் வாங்கிக் கொடுப்பது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் முடிவானது. வீட்டில் கேக், பிஸ்கற் செய்துகொண்டுவந்து விற்றுக் காசு சேர்க்கவேண்டும். நான் கையை உயர்த்தி, தனி மேசை வேண்டாம், நீட்டு வாங்காக அனுப்பினால் என்ன என்று கேட்டேன். எழுதுகிற பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு இடம் வேண்டாமா என்று ரீச்சர் அன்பாகத்தான் கேட்டார். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாலு பேர் நெருக்கியிருந்தால் எழுதுகிற கையை வைக்க இடமிராது, நிலத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை என்பதெல்லாம் இன்றைக்கு எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: என்னுடைய மேசையைக் கொண்டுபோய் வாங்கின் நடுவில் இருந்தவளுக்கும் கொடுக்கப்போகிறார்கள்.

பின்னேரம் மாமாவிடம் முறையிட்டேன்.

"மாமா, அந்தப் பிள்ளையளைப் பிரிக்கப் போகினம்."

"ஆரை? ஆர் பிரிக்கிறது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா சோற்றைக் குழைத்துக்கொண்டே கேட்டார்.

"தனி மேசை எண்டால் நல்லதுதானே, பிள்ளை."

"நல்லதில்லை. பக்கத்தில ஆரும் இருக்கமாட்டினம்."

குழைத்த கை நின்றது. "உனக்குப் பக்கத்தில ஆர் இருக்கிறது?"

"யன்னல்."

மாமா எழும்பிப்போய்த் தட்டைக் கழுவினார். கழுவின தட்டையே திரும்பவும் கழுவினார். பிறகு, "உந்த விற்பனை எப்ப?" என்றார்.

"வெள்ளிக்கிழமை."

"ரோல்ஸ் சுட்டுக்கொண்டு நான் வாறன்."

வெள்ளிக்கிழமை காலை வேலையால் வந்தவர் படுக்கவேயில்லை. "நல்ல காரியம், வெள்ளிக்கிழமையும் கூட, மச்சம் மாமிசம் வேண்டாம்" என்று மரக்கறியை மாவில் சுருட்டி ரோல்ஸ் பொரித்தார். மத்தியானம் பள்ளிக்கூட ஜிம்முக்கு இஸ்திரி போட்ட சேர்ட்டும் திருநீறுமாக வந்து நின்றார். மற்ற மேசைகளில் கேக்குக்கு முன்னால் விலை எழுதின அட்டைகள் நின்றன. எங்கள் மேசையில் பெரிய அலுமினியத் தட்டம் மட்டும். அட்டை இல்லை.

முதலில் வந்தவன் இங்கேயே பிறந்த எங்கட தமிழ்ப் பெடியன் ஒருவன். "அங்கிள், ஹவ் மச்?"

"காசோ? சாப்பிடு தம்பி."

"வெயிற், ஃப்ரீயா? சீரியஸ்லி?"

அதை அவன் ஜிம் முழுக்கக் கேட்கக் கத்தினான். அடுத்த நிமிஷம் எங்கள் மேசைக்கு முன்னால் வரிசை. மாமா என்னைப் பிடித்து முன்னால் விட்டார். "நீ குடு. உன்ர கையால குடு. பேரைக் கேட்டுக் குடு." நான் கேட்டுக் கேட்டுக் கொடுத்தேன். அவர்களும் வாய் நிறைய ரோல்ஸோடு பேர் சொன்னார்கள். ஒரு பிள்ளை திரும்ப என் பேரைக் கேட்டாள். இடமும் இல்லை, மூச்சும் விடமுடியவில்லை. எல்லாப் பக்கத்தாலும் ஆட்கள் இடித்தார்கள். வாங்கின் நடுவில் இருந்தவளுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேக் மேசைகள் காற்று வாங்கத் தொடங்கியதும் ரீச்சர் வந்தார். இது காசு சேர்ப்பதற்கல்லவா என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மாமா கையைக் கூப்பினார். "பள்ளிக்கூடத்துக்கு எண்டு சமைச்சதை எப்பிடி மிஸ் விக்கிறது? கோயில் அன்னதானத்துக்கு ஆரும் விலை போடுறவையே?" நான்தான் மொழிபெயர்க்கவேண்டும். அன்னதானத்துக்கு இங்கிலீஷ் தெரியாமல் "ரெம்பிள் லஞ்ச்" என்றேன். ரீச்சர் சிரித்துவிட்டு மேசை ஓரத்தில் ஒரு தகரப்பேணியை வைத்துவிட்டுப் போனார். விரும்பியவர்கள் காசு போட்டார்கள்.

அம்மாவுக்குக் கதை எட்டியபோது தலையில் கைவைத்தார். "டேய், விக்கச் சொன்னதைத் தானம் குடுத்திட்டு வந்து நிக்கிறாய்! இனி அந்தப் பள்ளிக்கூடப் பக்கம் நான் எந்த முகத்தோட போறது?"

"இந்த முகத்தோடயே போங்கோ அக்கா, நல்லாத்தானே இருக்கு" என்றார் மாமா.

திங்கட்கிழமை அந்தப் பெடியன் என்னைக் கண்டு, "ஹேய், ரோல்ஸ் கேர்ள்!" என்றான். கொஞ்ச நாள் அப்படி ஓடியது. பிறகு யன்னல்தான். ஒவ்வொரு பின்னேரமும் மாமா கறியைப் பார்த்தபடி, "இண்டைக்கு ஆர் பக்கத்தில?" என்று கேட்பார். நான் சொல்லுவேன். ஒருநாள் கேட்பதை விட்டுவிட்டார்.

சினோ கரைந்த பிறகு மலாவியில் இருந்து படம் வந்தது. ரீச்சர் எங்களுக்கு ஆளுக்கொரு பிரதி எடுத்துத் தந்தார். எல்லாம் புது நீல மேசைகள், ஒருவருக்கு ஒன்று. ஆனால் பிள்ளைகள் எல்லா மேசைகளையும் இழுத்து, இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர் வரை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தார்கள். ஒரு விரல் நுழைய இடைவெளி இல்லை. இன்னும் ஒழுங்காக அடுக்கவில்லைப் போலிருக்கிறது என்றார் ரீச்சர். முன்வரிசையில் அவளைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவளுடைய முழங்கை பக்கத்து மேசையில் இருந்தது.

அன்று பின்னேரம் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "அட, மேசையளையே வாங்கு ஆக்கிப்போட்டுதுகள்!"

சிரித்து முடிந்ததும் எழும்பினார். ஒரு கையில் தட்டையும் மற்றக் கையில் கதிரையையும் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, எனக்குப் பக்கத்தில் போட்டு அதில் இருந்தார். படத்தை என்னோடு சேர்ந்து வடிவாகப் பார்க்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். அடுத்த நாள் படம் மேசையில் இல்லை. மாமா அங்கேயேதான் இருந்தார்.

"கை இடிக்குது மாமா, தள்ளி இருங்கோ" என்றேன்.

தள்ளினார். ஒரு விரல் அளவு.