முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு

“கண்ணையே மூட மாட்டேங்கற. அப்புறம் என்னாத்துக்குடி உனக்கு ஜெபம்?”

ஓசூரில் நான் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால் உள்ள ஜெபக்கூடத்தின் வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று அம்மா கேட்டாள். என்னை எங்கள் ஊர் அஞ்செட்டிக்கே கூட்டிப்போக வந்திருந்தாள். உள்ளே பெண்கள் எல்லோரும் முக்காடிட்டுக் கண்மூடியிருக்க, நான் மட்டும் கதவோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா சொன்னதில் பொய் இல்லை. என்னால் கண்ணை மூட முடியவில்லை. தெருவுக்கு முதுகு காட்டி உட்காரவும் முடியவில்லை. அவர்கள் பின்னாலிருந்துதான் வந்தார்கள்.

நானும் வேலை பார்த்த கம்பெனியில் என் கணவர் ஸ்டோர் சூப்பர்வைசர். செம்புக் கம்பியைத் திருடி வெளியே கொண்டுபோன ஒருவனைக் கேட்டிலேயே பிடித்துக் கொடுத்தார். அவன் வேலை போயிற்று. சில நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து நாங்கள் பஸ் ஸ்டாப்பில் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் தின்றுகொண்டிருந்தோம். பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. பைக் நிற்பதெல்லாம் ஒரு விஷயமா? நான் திரும்பியபோது அரிவாள் அவர் கழுத்தில் இறங்கிவிட்டிருந்தது. ஓட்டியவன் ஹெல்மெட் போட்டிருந்தான். வெட்டியவன் போடவில்லை. அது அந்தத் திருடன்தான். பஸ்ஸுக்கு நின்ற மற்றவர்கள் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லையாம். அப்படித்தான் போலீசிடம் சொன்னார்கள். நான் பார்த்தேன் என்றேன்.

ஜாமீனில் வந்த பிறகு அவன் எங்கள் தெருவில் மெதுவாக பைக் ஓட்டிப் போவான். என் வாசலருகே ஒரே ஒரு தடவை ஹாரன் அடிப்பான்.

“நாலு எழுத்து படிச்சிட்டா கோர்ட்டுல நின்னுருவியா? போனவரு போயிட்டாரு. நீயாச்சும் உசுரோட இரு கண்ணு” என்று அம்மா அழுதாள்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பஸ் வராத நாளில் காட்டு வழியே நடந்துபோய்ப் படித்தவள். பயமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாட்சி சொல்லக் கட்டாயம் போவேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். வீட்டுக்குள் வந்ததும் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

ஜெபக்கூடத்துக்கு என்னை அழைத்துப் போனது, கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி தேய்க்கும் கன்னடத்து அக்கா. நாலு பேர் நடுவில் இருக்கலாமே என்றுதான் போனேன். எங்கள் ஊர் முனியப்பன் கையில் அரிவாள் இருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்தால் தைரியம் வரும். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு யார் கையிலும் என்னால் அரிவாளைப் பார்க்க முடியவில்லை. இங்கே கும்பிட்டதோ, சிலுவையில் ஆணியடிக்கப்பட்டு, விலாவில் ஈட்டியால் குத்தப்பட்ட ஒருவரை. பெற்றவள் பார்க்கப் பார்க்கக் கொன்றிருக்கிறார்கள். அவருக்கு என் பஸ் ஸ்டாப் புரியும் என்று தோன்றியது. செத்தவர் உயிரோடு எழுந்தார் என்பதை மட்டும் நம்ப முடியவில்லை.

அன்று அம்மா வாசலில் நின்று கேட்டது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்து, என்னைக் கதவுக்கு முதுகு காட்டித் திருப்பி உட்கார வைத்தார். தான் கதவைப் பார்த்தபடி என் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தார்.

“ஹெதர்பேடம்மா, பயப்படாத. கதவ நான் பாக்கறேன், நீ கண்ண மூடு. எவனாச்சும் வந்தா சப்பாத்திக் கட்டையாலயே போடறேன்.”

“ஆமா, இவங்க பெரிய போலீசு” என்று அம்மா முணுமுணுத்தாள்.

மூடினேன். எங்கோ ஒரு பைக் உறுமியது. ஆனாலும் திறக்கவில்லை. ஆண்டவரே, என் முதுகைப் பார்த்துக்கொள்ளும். என் முதல் ஜெபம் அவ்வளவுதான். கொல்லப்பட்டதோடு அவர் முடிந்துபோகவில்லை என்று அங்கே பாடிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் என் கணவரும் முடிந்துபோகவில்லை. அந்த நினைப்பைக் கைவிட எனக்கு மனமில்லை.

கிருஷ்ணகிரி கோர்ட்டில் என்னைக் கூப்பிட்ட நாளில் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவனுடைய ஆட்கள் கோர்ட் கதவருகே நின்றிருந்தார்கள். சாட்சிக் கூண்டில் ஏறினால் கதவு என் முதுகுக்குப் பின்னால். எதிரே அவன்.

“வெட்டின ஆள் இங்க இருக்காராம்மா?” என்று அரசு வக்கீல் கேட்டார்.

ஒரு கணம் கண்ணை மூடி, எனக்குத் தெரிந்த அந்த ஒரு வரியைச் சொன்னேன். பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பிப் பார்க்காமல், கையை நீட்டி அவனைக் காட்டினேன்.