துருவுக்கு வைத்த பொட்டு

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்திருந்த என் அக்கா, பட்டறைக்கார பாய், பாயின் சம்சாரம். இத்தனை கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட ஒரு பொட்டைத் துடைக்க முன்வரவில்லை.

பொட்டு இருந்தது என் காரின் இடதுபக்கப் பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே. பொட்டுக்கு அடியில் துரு.

திராட்சைக்கு மருந்து அடிக்கிற மிஷின்களை வாடகைக்கு விடுவது என் பிழைப்பு. கம்பம் பக்கம் ஒரு தோட்டத்தில் மிஷினை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பந்தலுக்கு ஊன்றிய கல்தூணில் கதவு உரசிவிட்டது. நகக்கீறல் மாதிரி ஒரு கோடுதான். நான் பார்த்தேன், வருத்தப்பட்டேன், விட்டுவிட்டேன். பிறகு ஆனி ஆடிச் சாரல் பிடித்தது. ஒருநாள் காலையில் காரைத் துடைக்கும்போது கோடு இருந்த இடத்தில் சின்னதாக ஒரு கொப்புளம். அம்மை போட்டதுபோல பெயிண்ட் உப்பியிருந்தது.

எனக்குக் கவலை என்பது மற்றவர்களுக்குக் காப்பி மாதிரி. காலையில் எழுந்ததும் ஒன்று வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வேறு. எதையும் பாதி தெரிந்துகொண்டு மீதியைப் பயத்தால் நிரப்பிக்கொள்வேன். அன்று முழுக்க போனில் துருப்பிடித்த கார்களின் வீடியோவாகப் பார்த்தேன். பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில், ஒருவர் காருக்குள் காலை வைக்க, கால் தரையைப் பொத்துக்கொண்டு ரோட்டில் நிற்கிறது. எங்கள் பக்கம் பனி ஏது? ஆனாலும் மறுநாள் கிளட்சைக் கொஞ்சம் மெதுவாகத்தான் மிதித்தேன்.

என் மனைவி பார்த்த வைத்தியம் வேறு. "கண்ணு பட்டிருக்கு" என்று சொல்லி, மஞ்சளைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் பழைய பொட்டின் மேலேயே தண்ணீர் தெளித்துப் புதிதாக வைத்தாள். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். கொப்புளம் பெரிதாகப் பெரிதாகப் பொட்டும் பெரிதானது. கொப்புளம் கண்ணில் படாததால் எனக்கும் கொஞ்சம் நிம்மதி. ஆடி முடியும்போது ரூபாய்க் காசு அளவில் இருந்த பொட்டு அப்பளம் அளவுக்கு வந்திருந்தது.

ஆவணியில் அக்கா மகளுக்குச் சின்னமனூரில் கல்யாணம். தாய்மாமன் நான். "வாடகைக் காரெல்லாம் வேணாம், எந்தம்பி கார் வச்சிருக்கான், அதுலதான் பொண்ணு வந்து இறங்கும்" என்று அக்கா மாப்பிள்ளை வீட்டில் அழுத்திச் சொல்லியிருந்தாள். அவர்கள் வீட்டு ஆட்களே வந்து என்னிடம் இதைச் சொல்லிவிட்டார்கள். பெண் இறங்குவது எந்தக் கதவு வழியாக என்று அதற்கப்புறம்தான் யோசித்துப் பார்த்தேன். அதே இடதுபக்கப் பின்கதவு.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்கா பத்திரிகை வைக்க வந்தாள். வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தாள்.

"ஏலே, அது என்னலே கதவுல அப்பளத்த ஒட்டி வச்சிருக்க?"

"பொட்டுக்கா."

"பொட்டா? மாரியாத்தாளுக்கே இம்புட்டுப் பெருசா வைக்க மாட்டாகளே!"

எங்களையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குத் திரும்பிப் போய்ப் பொட்டின் ஓரத்தை விரலால் அமுக்கினாள். மொறுக்கென்று சத்தம் கேட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் மனைவியைப் பார்த்தேன். என் மனைவி வானத்தைப் பார்த்தாள்.

"வண்டிய எடு. பட்டறைக்கு விடு. நான் காப்பி அங்கன குடிச்சுக்கிறேன்."

பாயின் பட்டறை உத்தமபாளையம் தாண்டி ரோட்டோரத்தில் இருக்கிறது. நசுங்கினதைத் தட்டி எடுப்பது பாய். பட்டி பார்ப்பது, அதாவது பள்ளத்தில் மாவு மாதிரி ஒன்றைப் பூசிச் சமன் செய்வது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அவர் சம்சாரம். பாய்க்குச் சுத்தியலைவிட வாய் வேகம்.

அவர் கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதத் தொடச்சாத்தான் உள்ள என்னான்னு சொல்ல முடியும்."

"தொடைங்க பாய்" என்றேன்.

"நானா? நாளைக்கு ஒண்ணுன்னா, பூசைப் பொட்ட பாய் தொடச்சான்னு பேச்சு வரும். காரு ஒங்களுது, சாமி ஒங்களுது, துரு மட்டுந்தான் என்னோடது. நீங்க தொடச்சுக் குடுங்க."

என் மனைவி இரண்டு அடி பின்னால் போய்விட்டாள். "கல்யாணத்த வச்சுக்கிட்டுக் குங்குமத்த அழிக்கிறதா? ஆத்தாடி, நான் மாட்டேன்."

அக்காவைப் பார்த்தேன். "என்னையப் பாக்காதலே. பொண்ணப் பெத்தவ கையால அழிக்கச் சொல்றியா?"

மிச்சம் நான்தான். துணியை நனைத்துக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் அதற்குள் என் மனசு வேலையை ஆரம்பித்துவிட்டது. நான் பொட்டைத் துடைக்க, அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை பைக்கில் வந்துகொண்டிருக்க, குறுக்கே ஒரு ஆடு வர... ஆடு எந்தத் தெருவிலிருந்து வரும் என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது. துணியைக் காரின் மேல் வைத்துவிட்டேன்.

"அப்பச் சரி, மழை வந்து அழிக்கட்டும்" என்று பாய் ஸ்டூலில் உட்கார்ந்து டீக்குச் சொல்லிவிட்டார். டீ வந்தது, குடித்தோம். பொட்டு எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

வேறொரு வண்டியின் பானெட்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த பாயின் சம்சாரம் தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஏத்தா, ஒங்க சாமி இந்தக் கதவுலதான் இருக்கணும்னு ஏதும் இருக்கா?"

"அப்படியெல்லாம் இல்லையே" என்றாள் என் மனைவி.

"அப்பக் கண்ணாடிக்கு மாத்துங்களேன். கண்ணாடி துருப்பிடிக்காதுல்ல."

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இத நான் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"இருந்தீக, இருந்தீக" என்றார் அவர்.

அக்காவின் பையில் பத்திரிகைக் கட்டோடு குங்குமச் சிமிழும் இருந்தது. முன்கண்ணாடியின் ஓரத்தில், எனக்கு ரோடு மறைக்காத இடமாகப் பார்த்து, புதுப் பொட்டு வைத்தாள். பிறகு கதவிலிருந்த பழைய பொட்டை வழித்துத் தன் நெற்றியில் கொஞ்சம், என் மனைவி நெற்றியில் கொஞ்சம், என் நெற்றியிலும் கொஞ்சம் இட்டாள். அழித்ததாகவும் இல்லை, கதவும் காலியாகிவிட்டது. ஓரத்தில் ஒட்டியிருந்ததை நான் ஈரத்துணியால் துடைத்தேன். ஆடு வரவில்லை.

பாய் எங்கள் மூவரையும் உற்றுப் பார்த்தார். "அக்கா, தப்பா நெனைக்காதீக. ஒங்க நெத்தியில இருக்குறது பாதி குங்குமம், பாதி துரு."

அக்கா தொட்டுப் பார்த்தாள். விரலில் செம்பழுப்பாகத் துருப்பொடி. முதலில் சிரித்தது அவள்தான். பிறகு எல்லோரும் சிரித்தோம், நான் கொஞ்சம் தாமதமாக. துரு நெற்றியில் பட்டால் ஏதாவது செய்யுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்துதான் நிஜமான பயம். பாய் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். குத்திப் பார்த்து, முனை உள்ளே போனால் தகரம் ஓட்டை என்று அர்த்தமாம். அப்புறம் வெட்டி எடுத்து வேறு தகரம் வைத்து வெல்டிங் பண்ண வேண்டும். கல்யாணத்துக்குள் முடியாது.

"அப்படின்னா பொண்ணு என்ன பாய் ஆட்டோவுலயா வரும்?" என்றாள் அக்கா. குரலில் சிரிப்பு போயிருந்தது.

பாய் குத்தினார். டிக். இன்னொரு இடத்தில் குத்தினார். டிக். ஒவ்வொரு டிக்குக்கும் நான் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தேன்.

"தகரம் கெட்டியா இருக்கு. மேல்தோலுதான் போயிருக்கு. மஞ்சள ஈரத்தோட அப்பி அப்பித் துருவுக்குச் சோறு போட்டிருக்கீக. இன்னும் ஒரு ஆடி விட்டிருந்தா கதவுக்குள்ள கைய விட்டு வண்டியில இருக்குற வாழைப்பழத்த எடுத்திருக்கலாம்."

என் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அக்கா அவள் முதுகில் ஒன்று போட்டாள். "விடு புள்ள, சாமிக்குத்தான வச்ச." "இல்ல மதினி, துருவுக்குல்ல வச்சிருக்கேன்" என்றாள் என் மனைவி, சிரிப்பை அடக்க முடியாமல்.

மூவாயிரத்து ஐந்நூறு என்று பேசி, ஆயிரத்து ஐந்நூறு முன்பணம் கொடுத்தேன். மீதி இரண்டாயிரம் பிறகு என்று பேச்சு.

பாயின் சம்சாரம் தேய்க்க ஆரம்பித்தார். கொப்புளம் போனது, துரு போனது, ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு நல்ல பெயிண்டையும் தேய்த்துக்கொண்டே போனார்.

"அக்கா, அது நல்ல பெயிண்டுக்கா!" என்றேன் அவரிடம்.

"ஓரத்துல ஒளிஞ்சிருக்கும் தம்பி. விட்டா அடுத்த வருசம் இன்னொரு அப்பளம் வரும்."

தகரம் வெள்ளிக்காசு மாதிரி பளபளத்ததும் அன்றைக்கே பிரைமர் பூசிவிட்டார். சாரல் காற்றில் வெறும் தகரத்தை ஒரு ராத்திரி விட்டால்கூடத் திரும்பத் துரு பிடித்துவிடுமாம். மறுநாள் பட்டி, அது காய்ந்ததும் தண்ணீர் விட்டுத் தேய்ப்பு. அதற்கப்புறம் புருசன் பெண்டாட்டி சண்டை. என் கார் என்ன வெள்ளை என்பதில்.

"பால் வெள்ளை" என்றார் பாய்.

"மோர் வெள்ளை" என்றார் அவர்.

பாய் கலக்கியதை டப்பா மூடியில் தடவிக் கதவோடு வைத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் கதவு, அழுக்கு வேட்டி மாதிரி தெரிந்தது. அவர் சம்சாரம் ஒரு சொட்டு மஞ்சளும் அதைவிடக் கம்மியாகக் கறுப்பும் விட்டுக் கலக்கினார். மூடியையும் கதவையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. "மோர்லயும் பாலு இருக்குல்ல" என்றார் பாய்.

சனிக்கிழமை பெயிண்ட் அடித்தார்கள். திங்கட்கிழமை காலை முகூர்த்தம். அடித்து முடித்துவிட்டு இருவரும் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் கதவோடு தனியாக இருந்தேன். கதவு ஈரமாக மின்னியது. காய்ந்துவிட்டதா? காயாவிட்டால் பட்டுச்சேலையில் ஒட்டுமே? ஒட்டினால் அக்கா மாப்பிள்ளை வீட்டார் முன்னால் எந்த மூஞ்சியோடு நிற்பாள்? லேசாக, ரொம்ப லேசாக, ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்த பாயின் சம்சாரம் இடுப்பில் கை வைத்து நின்றார். "ரேகை வச்சிட்டீகளா தம்பி? இங்கன என்ன பத்திரமா பதியுறோம்?"

எடுபிடி வேலைக்காவது உதவுகிறேன் என்றேன். என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பாய் அக்காவுக்குப் போன் போட்டார். "அவன் கையக் கட்டிப் போடுங்க பாய், காசு நான் தர்றேன்" என்று அக்கா கத்தியது ரோட்டைத் தாண்டி எனக்குக் கேட்டது. சாயங்காலம் அந்த இடத்தைத் தேய்த்துத் திரும்பவும் அடித்தார்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாவியைத் தரும்போது, "இப்பத் தொடுங்க, ஆசை தீரத் தொடுங்க" என்றார் பாயின் சம்சாரம். எனக்குக் கை வரவில்லை.

திங்கட்கிழமை மண்டப வாசலில் காரை நிறுத்தினேன். மேளம், கூட்டம், அக்கா முன்னால் நிற்கிறாள். அக்கா மகள் அரக்குப் பட்டில் இறங்கினாள். சேலைக் கொசுவம் முழுவதும் கதவில் உரசிக்கொண்டு போனது. ஊரெல்லாம் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது நான் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துளி வெள்ளை இல்லை. மாப்பிள்ளையின் அத்தை கதவைத் தடவிப் பார்த்து, "காரு புதுசா?" என்று கேட்டாள்.

"பின்ன" என்றாள் அக்கா, என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

பாயும் சம்சாரமும் வந்திருந்தார்கள். பாய் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கதவைப் பார்த்தார். அவர் சம்சாரம் பக்கத்தில் நின்ற பெண்களிடம், "அந்தக் கதவு நான் அடிச்சது" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்து மொய் எழுதுகிற இடத்துக்குப் போனபோதுதான் பாய் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். பர்ஸ் இல்லை.

"எம்பேருல ஐநூத்தி ஒண்ணு எழுதுங்க" என்றார். "அந்தா நிக்கிறாரே தாய்மாமன், அவரு குடுப்பாரு. அவரு எனக்குத் தரணும், கழிச்சுக்கிருவோம்."

எழுதுகிறவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கொடுத்தேன்.

திராட்சை வெட்டு முடிந்தால்தான் எனக்கு வாடகைக் காசு கைக்கு வரும் என்று பாய்க்குத் தெரியும். வழியில் பார்த்தால் காசைக் கேட்பதில்லை, கதவைத்தான் கேட்பார். கதவு நன்றாக இருக்கிறது. இன்றைய தேதிக்கு நான் பாய்க்குத் தரவேண்டிய பாக்கி ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.