முடித்ததுதான் தப்பு

2001 ஜூலை 11, புதன்கிழமை. குழாயில் தண்ணீர் வந்தது; அண்டா, குடங்கள், குளியலறைத் தொட்டி எல்லாம் நிறைந்தன. காலையில் இட்லி, தக்காளிச் சட்னி. மொபெட்டுக்குப் பெட்ரோல் போட்டேன். வழக்கம்போல மணி அடிக்கும் முன்பே அலுவலகத்தில் கையெழுத்து. அன்றைய நாட்குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது. அதன் பிறகு வரும் வரிகளில் பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தியிருக்கிறேன்.

திண்டுக்கல்லில் ஓர் அரசுத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் அப்போது நான் உதவியாளர். ஓய்வு பெற்ற ஊழியர்களின் பென்சன் கோப்புகளைத் தயார் செய்து மேலிடத்துக்கு அனுப்புவது என் வேலை. முந்தைய ஆண்டு எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்குத் தனி அறை ஒதுக்கி, ஏ.சி. மாட்டி, கதவில் 'செருப்பைக் கழற்றவும்' என்று எழுதி ஒட்டினார்கள். ஆயுதபூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மற்ற நாட்களில் அது பச்சை உறைக்குள் கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்காணிப்பாளர் அந்தக் குளிரில் கொஞ்சம் கண்ணயர்வார். அறைச் சாவி அவரிடம்தான்.

அந்தச் சாவியைக் கேட்டு வாங்கியவன் நான். ஒரு பென்சன் கோப்பில் பெயர், பிறந்த தேதி, கடைசிச் சம்பளம் என்று ஒரே விவரத்தைத் தாள் தாளாகத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். ஓர் எண் தவறினால் தாள் முழுக்க மறுபடியும். கம்ப்யூட்டரில் ஒருமுறை ஏற்றினால் போதும், எல்லாத் தாளிலும் அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதத்தில் என் அலமாரியின் கீழ்த்தட்டு காலியானது. தட்டைத் துடைத்துப் புதுச் செய்தித்தாள் விரித்தேன். மறுநாளே பக்கத்துப் பிரிவிலிருந்து இரண்டு கட்டுகள் அதில் வந்து உட்கார்ந்தன.

"சும்மாத்தானே சார் இருக்கீங்க" என்றார் கொண்டுவந்தவர்.

அந்தப் புதன்கிழமை கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், எந்தப் பிரிவில் ஆள் அதிகம் என்று பார்க்கப் போகிறார்கள் என்றார்.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டீரேய்யா. பக்கத்து செக்சனப் பாரும். கட்டுக் கட்டாக் கெடக்கு, ரெண்டு ஆளு கூடுதலாக் கேட்டு எழுதியாச்சு. கெடைக்கும். நீரு அம்புட்டையும் முடிச்சுப்புட்டு அலமாரியில பேப்பர் விரிச்சு வச்சிருக்கீரு. இங்க எதுக்கு டைப்பிஸ்ட்டுன்னு கேப்பான்."

"வேலை செஞ்சது தப்பா சார்?"

"செஞ்சது தப்புன்னு யாரு சொன்னா? முடிச்சதுதான் தப்பு."

"அவங்க வேற எதையும் பாக்க மாட்டாங்களா?"

"அவங்க எண்ணுறது ரெண்டே ரெண்டு. முடியாமக் கெடக்குற பைலு. டைப்பிஸ்ட்டு அடிச்ச பக்கம். கம்ப்யூட்டர்ல எடுத்தது எந்தக் கணக்குலயும் வராது. அதுக்கு இன்னும் ஆர்டர் வரல."

வேகமாகச் செய்கிறவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒரே சம்பளம் என்பது வேலையில் சேர்ந்த வாரத்திலேயே எனக்குத் தெரியும். அதைப் பொறுத்துக்கொண்டேன். முடித்த இடத்தில் ஆளைக் குறைப்பார்கள், முடிக்காத இடத்துக்கு ஆள் கொடுப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டு எந்தப் பைத்தியக்காரன் அந்தப் பச்சை உறையைக் கழற்றுவான்?

எங்கள் பிரிவின் தட்டச்சர், கணவர் பணியில் இருக்கும்போதே இறந்ததால் வேலை பெற்றவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு. மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. மதிய இடைவேளையில் இவர் ஓடிப்போய் அந்த அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி புகட்டிவிட்டு வருவார். ஆய்வில் இவரை உபரி ஆள் என்று எழுதிவிட்டால் வேறு மாவட்டத்துக்கு மாற்றல்தான். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மதியம் போய்விட்டுத் திரும்பியதும் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, ஒங்கள நான் கொறை சொல்லல. ஒரு நாலு பைல மட்டும் ஆய்வு முடியிற மட்டும் மெதுவாப் பாருங்க. எனக்கும் அடிக்க ஏதாவது இருக்கும்."

"சரிம்மா. எந்த நாலுன்னு நீங்களே எடுத்துக் குடுங்க."

அவர் அலமாரியைத் திறந்தார். மேலே இருந்தது வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் பழைய இரவுக் காவலாளியின் கோப்பு. மருமகன் வேலை செய்யும் மில்லின் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வாரம் ஒருமுறை வந்துவிடுவார். அன்றைக்கும் வராந்தாவில்தான் இருந்தார். அலமாரி திறந்ததைப் பார்த்து எழுந்து வந்தார்.

"நம்ம பேப்பர் போயிருச்சா சார்?"

"இன்னும் இல்லய்யா."

"அதான் மிஷின் வந்திருச்சே சார்."

"வந்திருச்சு."

"முன்னாடி அந்த அம்மா அடிக்கணும், நேரமாகும்னீங்க. இப்ப அந்த மிஷின் என்ன செய்யுது?"

"குளுருல இருக்கு" என்றேன். அவர் சிரித்தார். தட்டச்சர் சிரிக்கவில்லை. எந்தக் கோப்பையும் எடுக்காமல் அலமாரியைச் சாத்திவிட்டுத் தன் இடத்துக்குப் போய், தாள் இல்லாத தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார்.

பக்கத்துப் பிரிவின் கட்டுகளிலாவது அடிக்க ஏதும் கிடைக்குமா என்று பார்த்தேன். எல்லாம் மேலிடம் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியவை. அவற்றுக்குக் கீழ் அலுவலகங்களிலிருந்து பதில் வர வேண்டும், அதுவரை அடிக்க ஒன்றுமில்லை.

சாயங்காலம் வீட்டில் காபி குடிக்கும்போது, கம்ப்யூட்டரில் எடுத்த தாளையே தட்டச்சரை மறுபடி அடிக்கச் சொல்லலாம் என்ற என் யோசனையைப் பள்ளி ஆசிரியையான என் மனைவியிடம் சொன்னேன். அவள் கட்டிக்கொண்டிருந்த விடைத்தாள்களைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாஷிங் மெஷின் வாங்கித் தந்தா, அதுல தொவச்சு எடுத்து மறுபடி கல்லுல அடிக்கச் சொல்வீங்க போல."

"அப்படித்தான் வருது."

"இதுக்கு அத வாங்காமலே இருந்திருக்கலாம்."

"அதத்தான் எல்லாரும் ஆரம்பத்துலயே சொன்னாங்க" என்றேன். இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், இரவுக் காவலாளியின் தாள்கள் மொத்தத்தையும் கம்ப்யூட்டரில் அச்செடுத்தேன். பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தேன். ஒன்றும் இல்லை. உறையை மூடிவிட்டு, அந்தத் தாள்களைத் தட்டச்சரின் மேசையில் வைத்து, "மதியத் தபால்ல போகணும்மா. இதப் பாத்து அடிங்க" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் கார்பனைச் சொருகி, இயந்திரத்தில் ஏற்றினார்.