கூட்டி அச்சடித்த நீலம்

ஊருக்கு விருந்தாளி வந்தால் எதைக் காட்டுவீர்கள் என்று சிவகாசிக்காரனிடம் கேட்டால் திருதிருவென்று முழிப்பான். பட்டாசுக் கம்பெனிக்குள் விட மாட்டார்கள். அச்சகத்துக்குக் கூட்டிப் போனால் மை வாடைக்கு மூக்கைப் பொத்துவார்கள். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு சித்திரை மாதம், அம்பாசமுத்திரத்திலிருந்து என் மாமனார் வந்திறங்கியபோது நானும் அப்படித்தான் முழித்தேன்.

அவர் சும்மா வரவில்லை. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். ஆற்றில் குளித்து வளர்ந்த என் மனைவி, இந்த வெயில் தாங்கவில்லை, வந்து கூட்டிப் போங்கள் என்று அவருக்குக் கடிதம் போட்டிருந்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் இருவரும் கிளம்புவதாக ஏற்பாடு. எப்போது திரும்புவாய் என்று அவளிடம் கேட்கவே பயமாக இருந்தது. அவள் மனதை மாற்ற என் கையில் ஒரே ஒரு பகல்தான் இருந்தது.

மத்தியானம் விருதுநகருக்குப் போய் எண்ணெய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். மாமனார் ரசித்துச் சாப்பிட்டார். அவளோ மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் ஆனைக்குட்டம் அணைக்குப் போவோம் மாமா. தண்ணி கடல் கணக்கா கெடக்கும்," என்றேன்.

வேண்டுமென்றே சொன்ன பொய் இல்லை. எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க, நான் மிஷின் ஓட்டிய அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் தாள்கள்தான். அருவி, பனிமலை, பெயர் தெரியாத ஏரி. கட்டிலுக்கு எதிரே நீலத் தண்ணீர் நிறைந்த ஆனைக்குட்டம் அணைப் படம். அணைப்பக்கம் போய் வருஷங்கள் ஆகியிருந்தாலும், தினமும் அந்த நீலத்தில்தான் கண் விழித்தேன்.

பஸ்ஸை விட்டிறங்கிக் கரையேறினோம். அணைக்குள் வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வெடித்த மண், கருவேல மரங்கள், மேலே மஞ்சள் வெயில், எல்லாம் தூக்கத்தில் பார்ப்பதுபோல அசையாமல் நின்றன. எங்கோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்க்கும் சத்தம் மெதுவாக மிதந்து வந்தது.

"தண்ணி எங்க மாப்ள?" என்றார் மாமனார்.

அப்போதுதான் உறைத்தது. அந்தப் படம் அச்சாகும்போது, தண்ணீர் சேறாகத் தெரிகிறது என்று ஆர்டர் கொடுத்தவர் முகம் சுளித்தார். நீல மையைக் கூட்டி ஓட்டியவனே நான்தான். சித்திரையில் இங்கே சொட்டுத் தண்ணீர் இருக்காது என்பது அந்த ஆடுகளுக்குக்கூடத் தெரியும். நான் அச்சடித்ததை நானே நம்பியிருக்கிறேன். அதை அப்படியே சொன்னேன். மாமனார் சங்கடத்தோடு துண்டால் முகத்தைத் துடைத்தார். அவள் சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருட்டும்வரை சிரிப்பு வந்து வந்து போனது.

மறுநாள் காலை அவள் பையை எடுக்கவில்லை. "நீங்க போங்கப்பா. அணைக்குத் தண்ணி வரட்டும். அந்த நீலத்தப் பாத்துட்டு வாரேன்," என்றாள்.

ஐப்பசியில் நல்ல மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கரையில் நின்றோம். அணை நிறைந்து கிடந்தது, பால் குறைந்த காபி நிறத்தில். பார்த்தாயிற்று, இனிக் கிளம்பிவிடுவாளோ? அவள், அச்சடித்த தாளில் நிறம் பார்க்கும் எங்கள் அச்சகத்து ஆள் மாதிரியே தலையைச் சாய்த்துச் சொன்னாள்:

"நீலம் பத்தலங்க. இன்னுங் கொஞ்சம் கூட்டணும்."