சூரத் பக்கம்தான் என்று சொன்னேன்

நான் படித்தது நாலாங்கிளாஸ். அந்தக் காலத்தில் மூணாங்கிளாஸில் நம்ம ஜில்லா, நாலாங்கிளாஸில் நம்ம மாநிலம், அஞ்சாங்கிளாஸில்தான் இந்தியா. சரித்திரமும் அப்படித்தான். சோழன், பல்லவன் வரைக்கும் எனக்குக் கிடைத்தது. தில்லி ராஜாக்களும் வெள்ளைக்காரனும் அடுத்த வருஷத்துப் பாடம். அதற்குள் தம்பி பிறந்தான். தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். அவனை மட்டும் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் குடோன் வேலைக்குப் போனேன். பண்டலைப் பிரித்துப் புடவைக்கு விலைச்சீட்டு ஒட்டும் வேலை. காஞ்சிபுரம் பட்டு எப்போதாவதுதான் வரும். சூரத் புடவை வாரம் தவறாமல் வந்து இறங்கும். காஞ்சிபுரம் எனக்குத் தெரியும், கோயிலுக்குப் போயிருக்கிறேன். அதைவிட அடிக்கடி வருகிறது என்றால் சூரத் இன்னும் கிட்டத்தில்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கல்கத்தா காட்டன் ரயிலில் வருமா, கப்பலில் வருமா என்று ஒருமுறை கேட்டதற்கே ரொம்ப நாள் என்னைக் 'கப்பல் அக்கா' என்று கூப்பிட்டார்கள்.

என் ஒரே மகளுக்கு வரன் வந்தது. பையன் வீடு ஆதம்பாக்கம். அவனுக்கு வேலை சூரத்தில், மில்லில். என் வீட்டுக்காரரும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்து எல்லாம் பேசி முடித்தார்கள். நான் காபி கொண்டுபோய் வைத்ததோடு சரி.

மகளுக்கு மனசு இல்லை. அடுப்படிக்கு வந்து, "சூரத் எங்கம்மா கீது?" என்றாள். அவளும் எட்டாவது படித்தவள்தான், பரீட்சையோடு எல்லாம் மறந்துபோனவள். சூரத் சரக்கோடு தினமும் புழங்குகிறவள் என்று என்னைத்தான் நம்பினாள்.

"பக்கம்தான்டி. காஞ்சிபுரத்துக்கு இந்தாண்ட. லாரி வந்துகினு போய்க்கினு கீது. ஞாயித்துக்கெழம ஆனா நான் வந்து பாத்துட்டுப் போறேன்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் தலையாட்டினாள்.

கல்யாணம் முடிந்து சென்ட்ரலில் வண்டி ஏற்றினோம். நான் ஒரு வேளைக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்திருந்தேன். சம்பந்தியம்மா பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சம்பந்தி, இவ்ளோண்டு கட்டிக்கீறீங்க? நாளைக்குச் சாயங்காலம் ஆவும் அவங்க போய்ச் சேர" என்றாள். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து மகள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள், வண்டி போய்விட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "அவ்ளோ தூரம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? நீ கேட்டியா?"

தம்பி முன்சீட்டிலிருந்து திரும்பிச் சிரித்தான். "சூரத் பொடவையிலயே குந்தினுகீறியேக்கா. உனக்குத் தெரியாதுன்னு யார் கண்டா?"

பிறகுதான் லஸ் பக்கம் நடைபாதையில் ஒரு பழைய சமூக அறிவியல் புத்தகம் வாங்கினேன். எழுத்துக்கூட்டிப் படித்தேன். வெள்ளைக்காரன் கப்பலில் வந்து துணி வாங்கக் கடை போட்ட ஊராம் சூரத். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். எனக்குச் சொல்ல என் வீட்டில் ஒரு வாய் இல்லை.

என் வீட்டுக்காரர் இறந்தபோது மகள் சூரத்திலிருந்து புறப்பட்டு வந்தாள். "அவ்ளோ நேரம் வெச்சிருக்க முடியாதுக்கா" என்று தம்பி சொல்லிவிட்டான். அவள் வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தோம். ஈரத்தரையில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது கே.கே. நகரில் தனியாக இருக்கிறேன். போன வாரம் போனில் பேசும்போது, ரயில் போகும் வழியை அவளுக்குச் சொன்னேன். ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா, அப்புறம் குஜராத். தப்பில்லாமல் சொன்னேன்.

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பியாம்மா?" என்றாள்.

கூடத்தில் போய் நின்று நான் வேண்டாம் என்றிருந்தால் யார் காதில் போட்டுக்கொண்டிருப்பார்கள்? கல்யாணம் நடந்துதான் இருக்கும். அதை அவளிடம் சொல்லவில்லை. "உன்கிட்ட பக்கம்னு சொல்லியிருக்க மாட்டேன்டி" என்றேன்.

"ம்" என்றாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.