டவுன் வண்டி

கொல்லுப்பட்டறையில் நிலக்கரி புகைந்தால், அறுபதுகளில் பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த, இப்போது இடிபட்டுப் போன எங்கள் ஓட்டு வீட்டுக்குள் போய் நின்றுவிடுகிறேன்.

மெட்ராசுக்குப் போகும் வண்டி அப், அங்கிருந்து வருவது டவுன். ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த அப்பாவால் அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளும் வந்து, அப் கூவும்போது விளக்கேற்றுவதும், டவுன் தடதடக்கும்போது அடுப்பில் உலை வைப்பதும் வழக்கமாகியிருந்தது.

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு அப் வண்டியில் ஜோலார்பேட்டைக்குப் போய்விட்ட அக்காவின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் சாயங்கால டவுனை அனுப்பிவிட்டு அவர் வந்ததும், வெந்நீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டே அம்மா கேட்பாள்.

“டவுன்ல யாராச்சும் எறங்குனாங்களாங்க?”

“ஒருத்தரும் இல்ல” என்பார், கையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தபடி.

தினமும் இதே கேள்வி, இதே பதில்.

மழை தூறிய ஒரு நாள், அம்மா கேட்பதற்கு முன்பே அப்பா வாசலில் நின்று, “டவுன்ல நம்ம வூட்டுக்கு ஆள் எறங்கியிருக்குது. ஒலைல இன்னும் ரெண்டு புடி அரிசி போடு” என்றார்.

அவர் கையில் அக்காவின் தகரப்பெட்டி இருந்தது.